ஆற்றை எண்ணுகிறவர்கள்: எல்வா நதியும் இணை மேலாண்மையும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் எல்வா என்றொரு ஆறு ஓடுகிறது. நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டர்தான். பனிமலைகளில் பிறந்து வடக்கே இறங்கி, போர்ட் ஏஞ்சலிஸ் என்ற ஊருக்கு மேற்கே கடலில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் வாழ்கிறவர்கள் லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர். கிளாலம் என்றால் அவர்கள் மொழியில் வலிமையான மக்கள் என்று பொருள். இந்த ஆற்றில் பிடிக்கத்தக்க சால்மன் மீனில் பாதிக்குப் பழங்குடியினருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அப்படியிருந்தும் 2011 முதல் 2023 வரை அவர்கள் இங்கே மீன்பிடிக்காக ஒரு வலைகூட வீசவில்லை. தாங்களாகவே ஒப்புக்கொண்டு நிறுத்திவைத்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ‘இணை மேலாண்மை’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே மீன்வளத்தை மாநில அரசும் பழங்குடி அரசும் சம அதிகாரத்தோடு சேர்ந்து நிர்வகிப்பதுதான் இணை மேலாண்மை. ஏதோ ஓர் ஆலோசனைக் குழுவில் பழங்குடிகளுக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே பழங்குடிக்குச் சொந்த உயிரியலாளர்கள் இருக்கிறார்கள், சொந்தக் கணக்கு இருக்கிறது. எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனால்தான் மீன்பிடிப் பருவம் திறக்கும்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1855இல் பாயின்ட் நோ பாயின்ட் என்ற இடத்தில் கிளாலம் உள்ளிட்ட பழங்குடிகள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை அமெரிக்க அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதிலுக்கு, வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில் மற்றக் குடிமக்களோடு பொதுவாக மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். அதன்பின் நூறாண்டுக் காலம் மாநில அரசு அந்த வாசகத்தைப் பொருட்படுத்தவில்லை. தங்கள் ஆற்றில் மீன் பிடித்த பழங்குடியினரைக் கைது செய்தது. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் மட்டும் 50 தடவைக்கு மேல் கைதானார். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், ‘பொதுவாக’ என்ற அந்த ஒரு சொல்லுக்குச் சரிபாதி என்று பொருள் சொன்னார். 1979இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் சாரத்தை உறுதி செய்தது.

பாதி கிடைத்தது, சரி. எதில் பாதி? ஆற்றில் மீனே இல்லையென்றால் பாதிக்கு மதிப்பில்லை. ஆகவே உரிமை கையில் வந்த நாளிலிருந்து, ஆற்றையும் அதன் சரளையையும் கரையோர மரங்களையும் காப்பது பழங்குடியின் அன்றாட வேலையாகிவிட்டது. பழங்குடிகள் இயற்கையை நேசிப்பவர்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால் இந்த வேலையின் முக்கால்வாசி நம் கண்ணில் படாமலே போய்விடும்.

சால்மனுக்கு என்ன வேண்டும்

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். நம் காவிரியில் உல்லம் மீன் இப்படித்தான் கடலிலிருந்து ஏறிவந்துகொண்டிருந்தது. மேட்டூர் அணை வந்தபின் அந்த வரத்து அருகிப்போனது. எல்வாவில் சினூக், கோஹோ, சம், பிங்க், சாக்கை என ஐந்து வகைப் பசிபிக் சால்மனும், அவற்றின் உறவான ஸ்டீல்ஹெட்டும் ஏறின. பழைய எல்வா சினூக்கில் 45 கிலோ எடை வரை இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

பெண்மீன் வாலால் சரளையை அடித்து அடித்துக் குழி பறிக்கும். சினூக் என்றால் நாலாயிரம், ஐயாயிரம் முட்டை இடும். ஆண் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். பிறகு பெண் சற்று மேலே போய் இன்னொரு குழி பறிக்க, அந்தச் சரளை கீழே விழுந்து முதல் குழியை மூடும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் சுமார் 50 நாளில் முட்டை பொரியும். பொரித்த குஞ்சு, வயிற்றில் தொங்கும் பையிலுள்ள மஞ்சள் கருவைத் தின்று தீர்க்கும்வரை இன்னும் பல வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். இத்தனை நாளும் சரளைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நுண்மணலோ களியோ இடுக்கை அடைத்துவிட்டால் முட்டை மூச்சு முட்டிச் செத்துவிடும். கல் ரொம்பப் பெரிதாக இருந்தால் மீனால் அதைப் புரட்டவே முடியாது. ஆக, ஆறு சுத்தமாக ஓடினால் மட்டும் போதாது, அடியில் கிடக்கும் கல்லின் அளவும் சரியாக அமைய வேண்டும்.

எல்வாவில் இவை அத்தனையையும் இரண்டு அணைகள் கெடுத்தன. கடலிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில், 33 மீட்டர் உயர எல்வா அணையை 1910 முதல் 1913 வரை கட்டினார்கள். மீன் ஏற வழி விட வேண்டும் என்று மாநிலச் சட்டம் அப்போதே சொன்னது, வழி விடவில்லை. 1927இல் இன்னும் மேலே, 64 மீட்டர் உயரத்தில் கிளைன்ஸ் கேன்யன் அணை எழுந்தது. 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆறும் ஓடைகளும் மீனுக்கு அடைபட்டன. எஞ்சிய 8 கிலோமீட்டரும் மெல்லச் சீரழிந்தது. சரளை அணைக்குப் பின்னால் தேங்கிவிட்டதால் கீழே பெருங்கற்களே மிஞ்சின. மிதந்து வரவேண்டிய மரங்கள் வரவில்லை. கோடையின் கடைசியில் நீர்த்தேக்கத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் இறங்க, செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணி பெருகி, முட்டையிடும் முன்பே சினூக் கூட்டம் கூட்டமாகச் செத்தது. ஆண்டுக்கு நான்கு லட்சம் மீன் ஏறியதாக மதிப்பிடப்படும் ஆற்றில் சில ஆயிரங்களே எஞ்சின.

எண்ணுவது எப்படி

இணை மேலாண்மையின் முதுகெலும்பு எண்ணிக்கைதான். கணக்கின் அடிப்படை எளிது. ஓர் உதாரணம் பார்ப்போம். இந்த ஆண்டு 10,000 மீன் திரும்பும் என்று முன்கணிப்பு சொல்கிறது. அடுத்த தலைமுறைக்காக முட்டையிட விடவேண்டியவை 6,000. மீதி 4,000தான் பிடிக்கத்தக்கவை. பழங்குடிகளுக்கு 2,000, மற்றவர்களுக்கு 2,000. திரும்புவது 6,000 அல்லது அதற்குக் கீழே என்றால் இரு தரப்புக்கும் பூஜ்யம். ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில் இரு தரப்பு உயிரியலாளர்களும் உட்கார்ந்து, ஆறு ஆறாக, இனம் இனமாக இந்தக் கணக்கைப் போடுவார்கள். எண்ணிக்கை பிசகினால் மீதி எல்லாமே பிசகும்.

தொடங்குபவருக்கு எளிதில் புரிவது முட்டைக்குழி எண்ணிக்கை. பருவத்தில் 7 முதல் 10 நாளுக்கொரு முறை, நீரின் பளபளப்பை வெட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆற்றோடு நடக்க வேண்டும். பாசி படிந்த கரும்பழுப்புப் படுகையில், புதிதாகப் புரட்டிய கல் மட்டும் வெளிறித் தெரியும். மேல்பக்கம் பள்ளமும் அதையொட்டிக் கீழ்ப்பக்கம் மேடும் இருந்தால் அது குழி. அருகிலுள்ள கிளையில் நிறநாடா கட்டி, அதில் தேதியும் எண்ணும் எழுத வேண்டும். ஜிபிஎஸ் புள்ளி குறிக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது நாடா இருந்தால் பழைய குழி, இல்லாவிட்டால் புதியது. சினூக்குக்கு ஒரு குழிக்கு 2.5 மீன் என்று பெருக்குவது வாஷிங்டன் மாநிலத்தில் வழக்கம்.

இதில் தவறுகள் நேர்வது சகஜம். பெண்மீன் சில சமயம் குழி பறித்துப் பார்த்துவிட்டு, இடம் பிடிக்காமல் முட்டையிடாமலே போய்விடும். புதியவர் அதையும் சேர்த்து எண்ணிவிடுவார். மேட்டின் தெளிவான வடிவம் இல்லாவிட்டால் எண்ணக் கூடாது. பின்னால் வந்த மீன் பழைய குழியின்மேலேயே பறித்தால் இரண்டு ஒன்றாகிவிடும். மழை கொட்டி ஆறு கலங்கினால் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. அதற்குள் குழிகளின் தடம் மறைந்துவிடும். நடக்கும்போது குழியின்மேல் கால் வைக்கவே கூடாது. கால்வைத்தால் நம் காலடியிலேயே முட்டைகள் நசுங்கும்.

செத்த மீனும் சேதி சொல்லும். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். அந்த உடலிலிருந்து செதில் எடுத்தால் மர வளையம்போல வயதைப் படிக்கலாம். தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அது பொரிப்பகத்தில், அதாவது மனிதர்கள் தொட்டியில் முட்டை பொரிக்கவைத்து வளர்க்கும் இடத்தில் பிறந்த மீனா, ஆற்றில் பிறந்ததா என்று தெரியும். பொரிப்பகத்தில் குஞ்சுகள் இருக்கும்போதே தண்ணீரின் வெப்பத்தை ஏற்றி இறக்கினால், காதுக்கல்லில் கோடுகோடாக ஓர் அடையாளம் விழும். அது ஆயுளுக்கும் அழியாது. சில குஞ்சுகளின் மூக்குக்குள், ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நீளமுள்ள கம்பித்துண்டைச் செலுத்துவார்கள். அதில் எண் பொறித்திருக்கும். மாதிரி எடுத்து முடிந்ததும் அந்த மீனின் வாலை வெட்டி, மறுபடியும் ஆற்றிலேயே போட்டுவிடுவார்கள். வால் இல்லாத மீனை அடுத்த வாரம் யாரும் திரும்ப எண்ணமாட்டார்கள். உடலை ஏன் ஆற்றில் போடுகிறார்கள் என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

நீர் கலங்கியிருக்கும்போது கண் உதவாது, சோனார்தான் உதவும். கரையோரம் நீருக்குள் பொருத்திய கருவி ஒலியலை அனுப்பி, கடக்கும் மீனின் உருவத்தைப் படமாகக் காட்டும். மேலே போனவற்றிலிருந்து கீழே இறங்கியவற்றைக் கழித்தால் நிகர எண்ணிக்கை கிடைக்கும். ஒரே மீன் கருவிக்கு முன்னால் முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருப்பது இங்கே பெரிய தொல்லை. இன்னொன்று, சோனார் மீனின் நீளத்தைச் சொல்லும், இனத்தைச் சொல்லாது. அதனால் அதே வாரங்களில் சிறு வலை வீசி, எந்த இனம் எத்தனை விகிதத்தில் ஏறுகிறது என்று சரிபார்த்துப் பிரிக்க வேண்டும்.

கடலுக்கு இறங்கும் குஞ்சுகளை எண்ணுவது வேறு வித்தை. இரண்டு மிதவைகளுக்கு நடுவே ஓட்டையிட்ட உலோகக் கூம்பு ஒன்று பாதி மூழ்கிக் கிடக்கும். வாய் ஒன்றரை மீட்டரோ இரண்டரை மீட்டரோ அகலம். ஆற்று வேகம் அதைச் சுழற்ற, உள்ளே நுழைந்த குஞ்சு பின்னாலுள்ள தொட்டிக்குப் போய்ச் சேரும். பொறி எல்லாக் குஞ்சையும் பிடிக்காது. எத்தனை பங்கு பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க, 500 குஞ்சுக்கு அடையாளமிட்டு மேலே கொண்டுபோய் விடுவார்கள். அதில் 25 திரும்பச் சிக்கினால் பொறியின் திறன் 5 சதவீதம். அந்த நாட்களில் அடையாளமில்லாத குஞ்சு 3,000 சிக்கியிருந்தால், இறங்கியவை ஏறத்தாழ 60,000. தினமும் காலையில் போய்ப் பார்க்காவிட்டால் இலையும் சுள்ளியும் சேர்ந்து கூம்பு நின்றுவிடும். தொட்டியில் குஞ்சுகள் நெரிந்து சாகும். பெரிய குஞ்சு சின்னதைத் தின்றுவிடும். வெள்ளம் வருமென்று தெரிந்தால் முன்கூட்டியே கூம்பைத் தூக்கிவிட வேண்டும்.

அணையை எடுத்தபின்

அணையை எடுக்க வேண்டும் என்று கிளாலம் மக்கள் விடாமல் கேட்டார்கள். 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்வா மீட்புச் சட்டத்தை இயற்றியது. வேலை தொடங்கியது 2011 செப்டம்பரில். எல்வா அணை 2012 மார்ச்சுக்குள் போய்விட்டது. கிளைன்ஸ் கேன்யனின் கடைசித் துண்டு 2014 ஆகஸ்டில் தகர்ந்தது. 2012இல் கீழ் நீர்த்தேக்கம் வற்றியபோது, தங்கள் மக்கள் படைக்கப்பட்ட இடம் என்று கிளாலம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பாறை வெளியே தெரிந்தது. சுமார் நூறாண்டு அது தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது.

மேல் அணையை ஒரே நாளில் உடைக்க முடியாது. பின்னால் தேங்கியிருந்த வண்டல் இரண்டு தேக்கங்களிலும் சேர்ந்து சுமார் 2 கோடி கன மீட்டர். விட்டால் கீழே எல்லாம் புதைந்துவிடும். அதனால் விளிம்பில் வெட்டு வெட்டாகக் குறைத்தார்கள். மீன் ஏறும் மாதங்களில் வேலையை நிறுத்தினார்கள். ஏறிவந்த சில கோஹோ மீன்களைப் பிடித்து, தெளிந்த துணை ஓடைகளில் கொண்டுபோய் விட்டார்கள். அப்படியும் 2012 இறுதியில் தண்ணீர் எடுக்கும் நிலையத்தின் வலைச்சல்லடைகள் இலையாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ள, ஏறத்தாழ ஓராண்டு வேலை நின்றது. அணை போனபின்னும் பள்ளத்தாக்கில் சரிந்த பெரும்பாறைகள் மீனை மறித்தன. அவற்றை வெடிவைத்து உடைக்க வேண்டியிருந்தது. அணையை எடுத்தால் ஆறு தானே சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பழங்குடியின் கைவேலை நன்றாகத் தெரிவது மரக்கட்டுகளில். அணை போவதற்கு முன்பிருந்தே கீழாற்றில் சுமார் 50 மரக்கட்டுகளை அவர்கள் அமைத்தார்கள். வேரோடு பிடுங்கிய பெருமரம்தான் ஆதாரக்கட்டை. வேர்ப்பந்து நீரோட்டத்தைப் பார்த்திருக்க, அடிமரத்தைப் படுகைக்குள் ஆழப் புதைக்க வேண்டும். அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நடுத்தர மரங்களை அடுக்கி, இடுக்கில் சிறுகிளைகளைத் திணித்து, மேலே சரளையைக் கொட்டிப் பாரமேற்றுவார்கள். மரம் மிதக்கும் பொருள். பாரம் போதாவிட்டால் முதல் பெருவெள்ளமே அதைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். சரியாக அமைந்தால், முன்பக்கம் நீர் மோதிச் சுழன்று ஒரு மடுவைத் தோண்டும். அங்கே குளிர்ந்த ஆழத்தில் ஏறிவந்த மீன் இளைப்பாறும். பின்பக்கம் வேகம் குறைந்து, முட்டையிடத் தோதான அளவுச் சரளை படியும். இன்னொரு பக்கம் நீர் வழிதேடி ஒரு கிளைக்கால் பிறக்கும். குஞ்சு கோஹோவுக்கு அதுதான் தொட்டில்.

வற்றிய தேக்கங்களின் தரை சுமார் 320 ஹெக்டேர். அங்கே நட்ட நாற்றுகள் மூன்று லட்சத்துக்கு மேல். நுண்மண் படிந்த இடத்தில் செடி தானே வேகமாக வந்தது. கூழாங்கல் மேடுகளில் வெயில் சுட்டது, ஈரம் நிற்கவில்லை, விதை ஒட்டவில்லை. அங்கே கைகொடுத்தது ஆற்றோர லூபின் என்ற பயறுவகைச் செடி. வேரில் நைட்ரஜனைச் சேர்த்து, மண்ணே இல்லாத கல்லை மண்ணாக்கத் தொடங்கியது. நடும் வேலையைவிடக் களையெடுப்பது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த நாட்வீட் என்ற களையில் விரல் நீளத் துண்டு ஆற்றில் விழுந்தாலும் கீழே போய் முளைக்கும். அதனால் அதை வெட்டிப் போடக் கூடாது. தண்டுக்குள் ஊசியால் மருந்து செலுத்துவது ஒரு வழி.

பொரிப்பகம் மட்டும் இன்னும் தீராத விவாதம். வண்டல் பெருகிய ஆண்டுகளில் ஆற்றுமீன் அழிந்துவிடக் கூடாது என்று பழங்குடியின் புதிய பொரிப்பகம் 2011இல் இயங்கத் தொடங்கியது. தொட்டியில் வளர்ந்த மீன் காட்டு மீனோடு கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கும் என்று சிலர் எதிர்த்தார்கள், வழக்கும் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சேறாக ஓடிய அந்தச் சில ஆண்டுகளுக்குக் காப்பீடாக அது தேவைப்பட்டது என்றே நினைக்கிறோம். அதற்குமேல் எத்தனை காலம் நடத்துவது என்பதைக் காதுக்கல் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டீல்ஹெட் இதில் ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. அணைகளுக்கு மேலே நூறாண்டு சிறைபட்டு, கடலையே பார்க்காமல் வானவில் ட்ரவுட்டாக (அதே இனத்தின் ஆற்றோடு தங்கிவிடும் வடிவம்) வாழ்ந்த மீன்களின் வழித்தோன்றல்கள், வழி திறந்ததும் கடலுக்கு இறங்கிக் கோடைக்கால ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. அவற்றை யாரும் பொரிப்பகத்தில் வளர்க்கவில்லை. பாம்புபோல் நீண்ட லாம்ப்ரே மீனும் தானாகவே மேலே ஏறியது.

மீனிலிருந்து பறவைக்கு, பறவையிலிருந்து காட்டுக்கு

வால் வெட்டிய மீனை ஏன் ஆற்றில் போடுகிறார்கள்? சால்மன் தன் எடையில் ஏறத்தாழ முழுவதையும் கடலில்தான் சேர்க்கிறது. அது செத்து அழுகும்போது கடலின் சத்து மலைக்காட்டுக்குப் போய்ச் சேர்கிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை அதன் கனமான வகையை வைத்து அடையாளம் காண முடியும். நீரோடைக்குள் முங்கி இரைதேடும் டிப்பர் என்ற சிறு பறவையின் இறகையும் இரத்தத்தையும் எல்வாவில் சோதித்தார்கள். சால்மன் எட்டும் பகுதியில் வாழ்ந்த பறவைகள் உடல் பெருத்திருந்தன. ஒரே ஆண்டில் இரண்டாம் முறை குஞ்சு பொரிக்கும் வாய்ப்பும் பிழைத்திருக்கும் வாய்ப்பும் அவற்றுக்குக் கூடுதல்.

மீன்துறை உயிரியலாளர்களோடு வனவிலங்கு உயிரியலாளர்களையும் பழங்குடி வைத்திருப்பது இதனால்தான். 2018 முதல், காட்டுப் பூனையினங்களைக் காக்கும் பேந்தரா அமைப்போடு சேர்ந்து, தீபகற்பத்தில் வாழும் பூமா என்ற பெரும்பூனைகளைக் கேமராவாலும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையாலும் பின்தொடர்கிறார்கள். மூன்று பக்கம் நீர், நாலாவது திசையில் ஐ-5 பெருவழிச்சாலை. இளம் பூமாக்கள் அதைக் கடக்க முடியாததால் உள்ளுக்குள்ளேயே இனம் கலந்து, மரபணு வளம் குறைந்துவருகிறது.

சாலை மீனுக்கும் எதிரி. சாலைக்கடியில் ஓடையைக் கடத்தும் குழாய் குறுகலாக இருந்தால் உள்ளே நீர் சீறும். வெளிவாயில் உயரத்தில் தொங்கினால் மீன் தாவ முடியாது. மீன் பிடிக்கும் உரிமை என்றால் மீன் வரும் வழியைக் கெடுக்காமலிருக்கும் கடமையும் அதில் அடக்கம் என்று பழங்குடிகள் வழக்காடினார்கள். 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 4க்கு 4 எனப் பிரிந்ததால், பழங்குடிகளுக்குச் சாதகமான கீழ்த் தீர்ப்பு நிலைத்தது. மாநில அரசு நூற்றுக்கணக்கான குழாய்களை மாற்றிக்கொண்டிருக்கிறது.

மீண்டும் எல்வாவுக்கு வருவோம். மீன்பிடித் தடையை முதலில் ஐந்தாண்டுக்குத்தான் போட்டார்கள். சினூக்கும் ஸ்டீல்ஹெட்டும் எதிர்பார்த்த வேகத்தில் பெருகாததால் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். கோஹோ மட்டும் தாங்கும் நிலைக்கு வந்தது என்று எண்ணிக்கை காட்டியபோது, 2023 அக்டோபரில் சடங்குக்கும் வீட்டுச் சமையலுக்குமாகப் பழங்குடிக்கு ஒரு சிறு பருவம் திறந்தது. உச்சவரம்பு 400 மீன். கோஹோவுக்கு மட்டுமே அனுமதி. சினூக்கும் மற்ற இனங்களும் தடைக்குள்ளேயே இருந்தன.